அமால்ஃபிக்குச் சாலையா, கடலா?

இத்தாலியின் அமால்ஃபி கடற்கரைக்குச் சொரெண்டோவிலோ சலேர்னோவிலோ தங்கியபடி ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்கள் ஏராளம். அவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது வழியை. மலைச்சரிவை ஒட்டி வளைந்து செல்லும் எஸ்.எஸ். 163 சாலை ஒன்று. கரையோரமாகவே செல்லும் படகு மற்றொன்று. எதில் போனால் காட்சி அழகு கூடுதல் என்பதோடு பலரும் இந்தக் கேள்வியை முடித்துக்கொள்கிறார்கள். அது போதாது. கையிலிருக்கும் ஒரு நாளை எந்த வழி வீணாக்காமல் காக்கிறது, அங்கே குடியிருப்பவர்களுக்கு எந்த வழி குறைந்த சுமை தருகிறது என்பவையும் சேர்ந்தால்தான் தீர்ப்பு நியாயமாகும்.

முதலில் சாலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், நேப்பிள்ஸை ஆண்ட போர்போன் அரசர்கள் காலத்தில் அது முழுமை பெற்றது. அதற்கு முன் இந்தக் கரையின் ஊர்களை அடைய இருந்தவை கோவேறு கழுதைகள் ஏறும் படிக்கட்டுகளும் கடலும்தான். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலை ஒவ்வொரு வளைவிலும் வேறொரு கடலைக் காட்டுகிறது. எலுமிச்சைத் தோட்டங்கள் கைக்கெட்டும் தூரத்தில் வருகின்றன; மண்ணைத் தாங்கும் கல்வரப்புகளில் எத்தனை தலைமுறை உழைப்பு அடுக்கப்பட்டிருக்கிறது என்பது அருகில் போனால்தான் புரியும். 1997இல் யுனெஸ்கோ இந்தக் கரையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கு, மனிதர் செதுக்கிய இந்த நிலவமைப்பும் ஒரு முக்கியக் காரணம். பேருந்துக் கட்டணமும் படகுக் கட்டணத்தைவிட மிகக் குறைவு. ஆண்டு முழுவதும் ஓடுவதும் பேருந்தே.

குறைகள் அதே சாலையின் அகலத்திலிருந்து பிறக்கின்றன. இரண்டு பேருந்துகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய இடங்கள் பல. கோடையில் நெரிசல் முற்றியதால், 2022 முதல் பருவகால வார இறுதிகளிலும் ஆகஸ்ட் மாதம் முழுவதும் பகல் வேளையில் வண்டிகளை நாள் மாற்றி அனுமதிக்கும் ஒற்றைப்படை, இரட்டைப்படைப் பதிவெண் முறை நடைமுறைக்கு வந்தது. உள்ளூர்வாசிகளுக்கு விலக்கு உண்டு. வாடகைக் காரை ஓட்டிவரும் பயணிக்கு இல்லை. வண்டி நிறுத்த இடம் அரிது, கட்டணமும் கடுமை. எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு ஓட்டுநருக்கு. காட்சிக்காக வந்தவர் நாள் முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகளையே பார்த்துவிட்டுத் திரும்புகிறார். பேருந்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களின் வண்டி. பயணிகள் அதை நிரப்பிவிட்டால், வழியில் நிற்கும் உள்ளூர்க்காரருக்கு இடம் கிடைப்பதில்லை.

இனி படகு. சலேர்னோவிலிருந்து அமால்ஃபிக்குப் பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம். நெரிசலில் இன்னும் கூடும். படகில் சுமார் 35 நிமிடம். இந்த ஊர்களின் முகம் கடலை நோக்கியது என்பதும் படகில்தான் விளங்குகிறது. இடைக்காலத்தில் அமால்ஃபி ஒரு கடல் வணிகக் குடியரசு. பைசண்டியம் வரை அதன் வணிகர்கள் போனார்கள். 1343ஆம் ஆண்டுக் கடற்பேரழிவு அந்நகரின் கீழ்ப்பகுதியை விழுங்கியது. செல்வத்தைத் தந்ததும் பறித்ததும் கடல்தான். இதே கரையிலுள்ள பொசிட்டானோ ஊர் ஏன் மலைமீது அடுக்கடுக்காக ஏறி நிற்கிறது, காவல் கோபுரங்கள் ஏன் முனைதோறும் நிற்கின்றன என்பதைச் சாலை சொல்லாது. நீரிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் விளக்கமே வேண்டியதில்லை. ஃபுரோரே என்னும் ஊரின் பாறைப் பிளவில் சாலைப்பாலம் சுமார் 30 மீட்டர் உயரத்தில் செல்கிறது. பேருந்தில் அது ஒரு நொடியில் கடந்துவிடும். படகிலிருந்து பார்த்தால் பாலமும் பாறையும் பிளவும் ஒரே சட்டகத்துக்குள் வரும்.

படகின் குறைகளையும் மறைக்கக் கூடாது. அது பெரும்பாலும் வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரைக்குமான சேவை. கடல் கொந்தளித்தால் அன்றைக்கு ஓடாது. கடைசிப் படகைத் தவறவிட்டால் சாலைதான் கதி. குமட்டல் உள்ளவர்களுக்கு வளைவுச் சாலையும் அலையும் இரண்டுமே சோதனை. மலைமேல் சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கும் ராவெல்லோ ஊரைப் படகு அடைய முடியாது. 1880இல் இசையமைப்பாளர் வாக்னர் வந்து வியந்த வில்லா ருஃபோலோ தோட்டம் அங்கேதான் இருக்கிறது. மேலும், ஒவ்வொரு படகும் ஒரே சமயத்தில் பெருங்கூட்டத்தை ஒரே துறையில் இறக்குகிறது. சாலையின் நெரிசல் குறைகிறது, துறையின் நெரிசல் ஏறுகிறது. ஆகவே படகில் வந்ததாலேயே ஊருக்குச் சுமையில்லை என்று ஒருவர் நிம்மதியடைய முடியாது.

இவற்றை எடைபோட்டால், ஒருநாள் பயணத்துக்குத் தானே கார் ஓட்டிப் போவது மிக மோசமான தேர்வு என்பதில் ஐயமில்லை. பயணிக்கும் பயனில்லை, ஊருக்கும் நன்மையில்லை. கடல் அமைதியாக இருக்கும் பருவத்தில் போவதும் வருவதும் படகில் என்றால் நேரம் மிச்சம், காட்சி முழுமை. படகு தராத ராவெல்லோவுக்கு மட்டும் அமால்ஃபியிலிருந்து பேருந்து ஏறலாம். அதையும் உள்ளூர்க்காரர் வேலைக்குப் போகும் காலைநேரம் கழிந்தபின் ஏறுவது நல்லது. குளிர்காலத்திலோ படகு நின்ற நாளிலோ பேருந்தே சரி. சொரெண்டோவிலிருந்து வருகிறவர் வலப்புறம் அமர்ந்தால் கடல் அவர் பக்கம்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இது: முதல் நாள் மாலையே கடல் நிலவரமும் கடைசிப் படகின் நேரமும் பார்த்து, படகு நின்றால் ஏற வேண்டிய பேருந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று ஊர்களை ஓடி ஓடிப் பார்க்காமல் இரண்டில் நின்று பாருங்கள். ஒற்றைச் சாலையை நம்பி வாழும் ஊர்களுக்கு விருந்தாளியாகப் போகிறவர், அந்தச் சாலையில் தமக்கென்று கேட்கும் இடத்தைக் குறைத்துக்கொள்வதே முறை.