எட்ட நின்று எடுத்த ரோஜா

ஓசூரில் எனக்குத் தெரிந்து நீள லென்ஸ் வைத்திருக்கும் எவரும் அதைப் பூவுக்காக வாங்கவில்லை. கெலவரப்பள்ளி அணைப் பறவைகளையும், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் கொல்லைக்குள் இறங்கும் யானைகளையும் நினைத்து வாங்கியது. வாரத்தில் ஆறு நாள் ஷிப்ட், ஏழாம் நாள் ஓவர்டைம் என்றான பிறகு லென்ஸுக்கு எதிரே மிஞ்சுவது மொட்டைமாடித் தொட்டிதான். காட்டுயிர் எழுத்தாளர் மா.கிருஷ்ணன் உதிரிப் பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிக்கொண்ட 'சூப்பர் பாண்டரோசா' கேமரா காட்டு விலங்குகளுக்கானது. விலங்கு மிரண்டு ஓடும். தொட்டிச் செடி எங்கே ஓடப்போகிறது? அதை ஏன் எட்ட நின்று எடுக்க வேண்டும்?

காரணம் இல்லாமல் இல்லை. சாதாரண 70–300 லென்ஸ் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் ஃபோகஸ் ஆகும். அந்தத் தூரத்தில் பூவின் உருவம் நிஜ அளவில் ஏறக்குறைய கால்பங்காகச் சென்சாரில் விழும். ஏபிஎஸ்-சி சென்சாரின் அகலம் சுமார் 24 மி.மீ.; ஆக, பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலம் பிரேமை நிரப்பிவிடும். நன்றாக மலர்ந்த ரோஜாவின் அளவு அதுதான். செம்பருத்திக்கும் அது போதும். இதே படத்தைச் செல்போனில் எடுக்க ஒரு சாணுக்கும் குறைவான தூரத்துக்குப் போக வேண்டும். நம் நிழல் பூமேல் விழும், தேன்சிட்டு பறந்துவிடும். ஒன்றரை மீட்டரில் அது நம்மைப் பொருட்படுத்துவதில்லை.

பின்புலம் கரைந்துபோவதைத்தான் எல்லோரும் பெரிதாகச் சொல்வார்கள். அதில் ஒரு தவறான நம்பிக்கையும் கலந்திருக்கிறது. நீள லென்ஸ் என்பதாலேயே கூர்மையின் ஆழம் குறைந்துவிடுவதில்லை. பூ பிரேமில் அதே அளவு தெரியும்படி, அதே துவாரத்தில் எடுத்தால், 50 மி.மீ. லென்ஸிலும் 300 மி.மீ. லென்ஸிலும் ஆழம் ஏறத்தாழ ஒன்றுதான். வேறுபடுவது பார்வைக் கோணம். 300 மி.மீ. லென்ஸ் ஐந்து டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் பார்க்கிறது. பூவுக்குப் பின்னால் உள்ள உலகத்தில் ஒரு சிறு துண்டை எடுத்து அதைப் பிரேம் முழுக்க இழுத்துப் பரப்பிவிடுகிறது. அரை அடி இடப்பக்கம் நகர்ந்தால் கறுப்பு சின்டெக்ஸ் டேங்க் மறைந்து முருங்கைப் பச்சை வந்துவிடும். சுவரோடு சுவர் ஒட்டிய காலனி வீடுகளில் இது பெரிய வரம்தான். மறுக்கவில்லை.

இனி குறைகள். துளசிப் பூவையும் தும்பையையும் இந்த லென்ஸ் கைவிட்டுவிடும். ஒரு சென்டிமீட்டர் தும்பை பிரேமின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குதான் வரும். மோதிரம் போன்ற நீட்டுக் குழாய் வாங்கி மாட்டுகிறார்கள். 25 மி.மீ. குழாய் 50 மி.மீ. லென்ஸுக்கு அரை மடங்கு பெருக்கத்தைக் கூட்டும். 300-க்கு அது பன்னிரண்டில் ஒரு பங்குதான். கேனான் 500டி போன்ற குளோசப் கண்ணாடியை முன்னால் திருகினால் 0.6 மடங்கு வரை போகலாம். ஆனால் அப்போது அரை மீட்டருக்கு நெருங்கியாக வேண்டும். எட்ட நிற்கும் சௌகரியம் அத்தோடு போயிற்று. 200–500 போன்ற பெரிய லென்ஸ்களின் கதை இன்னும் வேடிக்கை. 2.2 மீட்டருக்குக் குறைந்தால் அவற்றுக்குக் கண் தெரியாது. நான்கடி பால்கனியில் வைத்த தொட்டியை ஹாலுக்குள் சோபாவை நகர்த்திவிட்டு நின்று எடுக்க வேண்டியதுதான்.

ஆழத்தையும் சொல்ல வேண்டும். கால்பங்கு பெருக்கத்தில் எஃப் 5.6 வைத்தால் கூர்மையாக வருவது அரை சென்டிமீட்டர்கூட இல்லை. பன்னீர் ரோஜாவின் முன் இதழ் தெளிந்தால் நடு மங்கும். துவாரத்தைச் சுருக்கினால் ஷட்டர் வேகம் விழுகிறது, ஆடிக் காற்றோ நிற்பதில்லை. லென்ஸில் இருக்கும் அதிர்வுத் தடுப்பு நம் கையைத்தான் பிடித்து நிறுத்தும்; காம்பை யார் பிடிப்பது? சிவப்பு ரோஜா என்றால் இன்னொரு சிக்கல். கேமராவின் சிவப்பு அலைவரிசை முதலில் நிரம்பி வழிந்து, இதழின் மடிப்பெல்லாம் ஒரே குங்குமத் திட்டாகிவிடும். வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் குறைத்து எடுப்பது இங்கே பழக வேண்டிய முதல் பாடம்.

இவையெல்லாம் கைப்பழக்கத்தால் தீரக்கூடியவை. தீராத குறை ஒன்று உண்டு. இந்த ஊரில் அது கூடுதலாக உறுத்துகிறது. ஓசூர் ரோஜாவுக்குப் பேர்போன ஊர். அமுதகொண்டப்பள்ளியில் அரசு நிறுவனமான டிட்கோவின் கூட்டு முயற்சியில் உருவான டான்ஃப்ளோரா பூங்காவும், சுற்றிலும் உள்ள பாலிஹவுஸ்களும் தாஜ்மகால் என்ற சிவப்பு ரகத்தைக் காதலர் தினத்துக்கு வெளிநாடுகளுக்கு அனுப்பிப் பழகியவை. அந்தப் பூ மொட்டிலேயே வெட்டப்படுகிறது. காம்பின் நீளம் அளந்து, குளிர் அறையில் வைத்து, அட்டைப்பெட்டியில் பெங்களூரு விமான நிலையம் போய்ச் சேர்கிறது. எந்த ஊரில் விரித்தாலும் அந்த ஊர்ப் பூ மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் அதன் தரம். விற்பனைக்கு வளர்ப்பதில் அது நியாயம். வீட்டுத் தொட்டிப் பூவை நீள லென்ஸில் எடுக்கும்போதும் நாம் அதே வேலையைத்தான் செய்கிறோம்: டேங்க் போய், கொடிக்கயிறு போய், பக்கத்து வீட்டுச் சுவர் போய், பச்சை மங்கலின் நடுவே ஒரு ரோஜா. நிலத்துக்கே பூவின் பெயரை வைத்த மொழியில் பேசிக்கொண்டு, பூவிலிருந்து நிலத்தைத் துடைத்து எடுத்துவிட்டு, அதற்கு 'கிளீன் பேக்ரவுண்ட்' என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

இதற்காக அகல லென்ஸுக்கு மாறு என்று நான் சொல்லமாட்டேன். அது டேங்கையும் கொண்டுவரும், கேபிள் வயரையும் கொண்டுவரும், கடைசியில் பூ எங்கே என்று தேட வேண்டியிருக்கும். நீள லென்ஸ் தருகிற அந்தத் துண்டுப் பின்புலத்தை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. பெரும்பாலும் யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. பச்சை கிடைத்தால் போதும் என்று அழுத்திவிடுகிறோம். பூவுக்கும் பின்புலத்துக்கும் இடையே உள்ள தூரமும் நம் கையில்தான் இருக்கிறது. பத்தடி என்றால் எல்லாம் வெறும் நிறம். இரண்டடி, எஃப் 11 என்றால் உருவம் பாதி உயிரோடு நிற்கும்.

போன மாதம் செண்டுமல்லித் தொட்டியைத் துணிக்கொடிக்கு இரண்டடி முன்னால் இழுத்து வைத்து எடுத்தேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்த காலை, பனி முழுக்கக் கலையவில்லை. ஆரஞ்சுப் பூவுக்குப் பின்னால் ஒரு நீலப் பட்டை மங்கலாகத் தொங்குகிறது. மனைவியிடம் காட்டினேன். பூவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "யூனிஃபார்ம் இன்னும் காயலையா?" என்றாள்.