கரிசலில் வாழும் ஙகரம்

பாடப்புத்தகத்தில் ஙகரம் பாவப்பட்ட எழுத்து. சங்கு, நுங்கு என்று ககரத்துக்கு முன் புள்ளி வைத்து நிற்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். சிவகாசிப் பட்டாசுக் கடையில் நிலைமை வேறு.

“கம்பி மத்தாப்பு எங்ஙனண்ணே இருக்கு?”

“அங்ஙன, சரவெடிக்குப் பக்கத்துல பாருங்க.”

இந்த ‘ங்ங’வைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். ‘அங்க’ என்னும்போது நாக்கின் பின்பகுதி அண்ணத்தைத் தொட்டு, ககரமாக வெடித்து விலகுகிறது. ‘அங்ஙன’வில் அந்த வெடிப்பே இல்லை. ஒலி மூக்கு வழியாக நீண்டு, அப்படியே அகரத்தில் இறங்குகிறது. என்ன அழகான ஒலி!

கொச்சை என்று ஒதுக்குவோருக்கு நன்னூலே பதில். சுட்டு, வினா எழுத்துகளை ஒட்டி ஙகரம் மொழிமுதலாகும் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் விதி வகுத்துவிட்டார். அங்ஙனம், இங்ஙனம், எங்ஙனம் ஆகியவை அதற்கு எடுத்துக்காட்டுகள். நூல் வழக்கில் அங்ஙனம் என்றால் ‘அவ்விதம்’. விருதுநகர், சாத்தூர்ப் பக்கம் கடைசி மகரம் உதிர்ந்து, அந்தச் சொல் இடத்தைச் சுட்டுகிறது. மலைக்கு அந்தப் பக்கம், மலையாளத்தில் ‘அங்ஙனெ’ இன்றும் ‘அப்படி’தான். அங்கே தேங்காயும் ‘தேங்ங’ ஆகிவிட்டது. ககரம் மூக்கொலியில் கரைந்துபோனது.

ஆங்கிலச் சொல் எதுவும் இந்த ஒலியில் தொடங்காது. வியட்நாமிலோ மிகப் பரவலான குடும்பப் பெயரே ஙகரத்தில்தான் தொடங்குகிறது.

இத்தனைக்கும் இதே கரிசல்காட்டில் பலர் வாயில் வாழைப்பழம் ‘வாளப்பளம்’தான். ழகரத்தை விட்டுவிட்ட நாக்கு, ஙகரத்தை விடவில்லை.