கள்ளூர்க் குறுமகளும் வினவப்படாத வினாவும்

அகநானூற்றின் 256ஆம் பாட்டு மதுரைத் தமிழ்க் கூத்தன் கடுவன் மள்ளனார் பாடியது. பண்டை அவையத்தின் முறைமைக்குச் சான்றாக அறிஞர் இதனை எடுத்துக்காட்டுவர். கள்ளூரில் இளம்பெண் ஒருத்தியின் நலம் கவர்ந்த ஒருவன், அவளை அறியேன் எனப் பொய்ச்சூள் உரைத்தான். அவையத்தார் சான்று வினவி, உண்மை தெளிந்து, அவனை மரக்கிளையிற் பிணித்துத் தலையில் நீறு பெய்தனர். இப்பாட்டினை யாம் ஈண்டு மீண்டும் ஆராயப் புகுந்ததற்குக் காரணம் ஏட்டில் மட்டும் இல்லை. நொய்யற் கரையிலும் உள்ளது.

பாட்டின் சிறப்பு முதற்கண் கூறத்தக்கது. அவையம் அப்பெண்ணின் ஒழுக்கத்தை ஆராயவில்லை; ஆடவனின் சொல்லையே ஆராய்ந்தது. பழி பொய்த்தவன்மேல் நின்றது. பெண்ணைப் புலவர் ‘குறுமகள்’ என்கின்றார். அச்சொல் அவள்தன் இளமையை நினைவூட்டி, அவனது அறமின்மையை மிகுவிக்கின்றது. இத்துணையும் முன்னையோர் கண்டனவே.

ஆயினும் பாட்டின் அமைப்பு வேறொன்றையும் உணர்த்துகின்றது. இந்நிகழ்ச்சி பாட்டின் பொருள் அன்று, உவமையே. பரத்தமை மேற்கொண்ட தலைவனுக்குத் தோழி வாயில் மறுப்பவள், அவனைப்பற்றி எழுந்த அலர் அவ்வவையத்து எழுந்த ஆரவாரத்தினும் பெரிது என்கின்றாள். எனவே, நாம் கேட்பது அவையின் ஒலியை மட்டுமே. குறுமகள் யாது கூறினாள், அவள் கருவுற்றிருந்தாளா, மகவு பிறந்ததேல் அதனை வளர்த்தவர் யாவர் என்பன பாட்டில் இல்லை. ஒறுத்தலோடு வழக்கு முடிந்தது. அவள் வாழ்க்கை முடியவில்லை.

இவ்வமைதி ஒரு பாட்டிற்கு மட்டும் உரியதன்று. சிலப்பதிகாரம் மணநாளிற் கண்ணகிக்கு 12 ஆண்டும் கோவலனுக்கு 16 ஆண்டும் கூறும். இறையனார் களவியல் களவொழுக்கத்தை 2 திங்களுக்குள் அடக்கும். களவு கருவாக வெளிப்படுமுன் கற்பாக மாறுதல் வேண்டும் என்னும் கருத்து இவ்வெல்லையுள் அடங்கியிருத்தல் கூடும் என்பது எம் துணிபு. இலக்கணம் எல்லை வகுத்துவிட்டமையின், எல்லை கடந்தவளைப் பாடும் துறை அகத்திணையில் அமையவில்லை.

அவளை நாம் பாரதத்திற் காண்கின்றோம். குந்தி கன்னியாயிருந்து கன்னனைப் பெற்றுப் பேழையில் வைத்து ஆற்றில் விடுகின்றாள். வில்லிபுத்தூரார் காட்டும் குந்தி, களத்தில் வீழ்ந்த மகனை மடிமேற் கிடத்தியபோதுதான் உலகறியத் தாயாகின்றாள். கதிரவனை எந்த அவையமும் வினவவில்லை. கள்ளூரில் ஆடவன் வினவப்பட்டான், பெண் மறக்கப்பட்டாள். குந்தியின் கதையில் பெண் நினைக்கப்படுகின்றாள். சுமையோ அவள் ஒருத்தியின்மேலதாயிற்று. இவ்விரண்டையும் இணைத்துக் காணும் நோக்கே இன்று வேண்டப்படுவது.

இனித் திருப்பூர் வட்டாரத்திற்கு வருவோம். பனியன் கம்பெனிகளுக்கு நூல் வழங்கும் மேற்குத் தமிழகத்து நூற்பாலைகள் பலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என ஒரு முறை வழங்கியது. பிற மாவட்டத்து ஏழைக் குடும்பங்களின் இளம்பெண்கள் ஏறத்தாழ 3 ஆண்டு ஆலை விடுதியில் தங்கி உழைப்பர். முடிவில் மணச்செலவிற்கென ஒரு தொகை பெறுவர். 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு வெளியிட்ட ஆய்வறிக்கை இம்முறையின் கொடுமைகளை உலகறியச் செய்தது. இடையில் வெளியேறியோர் அத்தொகையை இழந்தனர் என்பதும் அவற்றுள் ஒன்று.

பெயரை நோக்குக. சுமங்கலி என்பது மணமான மங்கலப் பெண்ணைக் குறிக்கும். மணமாகாத சிறுமியின் உழைப்பிற்கு அவள் இன்னும் அடையாத நிலையின் பெயரை இட்டனர். அத்தகைய விடுதியில் ஒரு சிறுமி கருவுற்றால், வேலை, தொகை, மணம் ஆகிய மூன்றும் ஒருங்கே போம் என்று அவள் அஞ்சுதல் இயல்பு. அவ்வச்சம் வாய் திறவாமையையும், வாய் திறவாமை மருத்துவம் பெறுதலிற் காலத்தாழ்வையும் விளைக்கும். முதிரா உடலுக்குப் பேறுகாலம் இடர் மிகுந்தது. குருதிக் குறைவும் வலிப்பு நோயும் குறைமாதப் பிறப்பும் இளந்தாயரை மிகுதியும் தாக்குவன.

இற்றைச் சட்டம் கள்ளூர் அவையத்தினும் விரிந்தது. 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின்படி, இளம்பருவத்தில் மணம் செய்விக்கப்பட்டவள் அதனை நீக்கிக்கொள்ளலாம். மணம் நீக்கப்பட்டாலும் பிறந்த மகவு முறைப்படி பிறந்ததாகவே கொள்ளப்படும். 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம், 18 வயதிற்குட்பட்டோர்மீது நிகழும் பாலியல் குற்றத்தை அறிந்தவர் அதனைத் தெரிவித்தே ஆகவேண்டும் என்கின்றது. காவலர் வருவர் என்னும் அச்சத்தால் பெண்கள் மருத்துவமனையை நாடாது ஒதுங்குவதைக் கருதி, இசைந்த உறவினாற் கருவுற்ற சிறுமியும் அவள் காப்பாளரும் வேண்டினால், கருக்கலைப்புச் செய்யும் மருத்துவர் அவள் அடையாளத்தை அறிக்கையில் வெளியிட வேண்டுவதில்லை என உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. மகவைப் பெற்று வளர்க்க இயலாதவள் குழந்தை நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். மறுபடி எண்ணிப் பார்க்க 2 திங்கள் காலம் உண்டு. குந்திக்கு அக்காலம் வாய்க்கவில்லை.

அற்றேல், சட்டமே போதாதோ எனின், போதாது என்க. இளையோர் இருவர் தம்முள் விரும்பிக் கூடியவிடத்து, அச்சட்டமே காதலித்த சிறுவனைக் குற்றவாளியாக்குதலும், பெற்றோர் சினத்திற்குக் கருவியாதலும் உண்டு. கலைத்தல், பெறுதல், வளர்த்தல், ஒப்படைத்தல் என்னும் வழிகளுள் ஒன்றைத் தேரும் உரிமை ஏட்டில் இருப்பினும், தேர்பவளுக்குத் தங்க இடமும் தொடரக் கல்வியும் திரும்ப வேலையும் இல்லையெனில் அது தேர்வாகாது. மணத்திற்கு உதவிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டத்தை 2022இல் தமிழக அரசு உயர்கல்வி உதவியாக மாற்றியமை ஈண்டு கருதத்தக்கது. பெண்ணின் மேல்நிலை மணத்தில் மட்டும் இல்லை என்னும் தெளிவு அம்மாற்றத்தில் உளது. பள்ளியை இடையில் விட்டு ஆலைக்குப் போந்தவளை அவ்வுதவி எட்டுமா என்பதே எஞ்சி நிற்கும் வினா.

இலக்கியம் கற்பார்க்கு இதனால் விளையும் பயன் யாது? ஒரு பாட்டினை அறத்திற்குச் சான்றாகக் கொள்ளும்போது, அதனுள் யார் பேசினர், யார் பேசவில்லை என்பதையும் கணக்கிடல் வேண்டும். கள்ளூர் அவையம் அவனை நோக்கி ‘நீ செய்தனையோ’ என வினவியது, அது நன்று. அவளை நோக்கி ‘நினக்கு யாது வேண்டும்’ என வினவவில்லை. அவ்வினா எழாத அவையம், பழையதாயினும் புதியதாயினும், பாதி முறையே செய்ததாகும் என்பது எம் கருத்து.