பேனா யார் கையில்?

தமிழில் நாவல் எழுதி முடித்த ஒருவரிடம் “எடிட்டர் பார்த்தாரா?” என்று கேட்டால், “மெய்ப்பு பார்த்தாச்சு” என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். ஒற்றுப்பிழை களைவது ஒரு வேலை. கதை எங்கே தொடங்க வேண்டும், யார் கண் வழியே நகர வேண்டும் என்று பார்ப்பது வேறு வேலை. 1974இல் தொடங்கிய க்ரியா பதிப்பகத்தின் ராமகிருஷ்ணனைப் போல, அந்த இரண்டாவது வேலையைப் பதிப்பின் பகுதியாகவே கருதியவர்கள் இங்கே குறைவு.

அதன் பலனுக்கு ஹார்ப்பர் லீயின் அனுபவம் நல்ல சான்று. 1957இல் அவர் லிப்பின்காட் பதிப்பகத்திடம் கொடுத்த பிரதியில், வளர்ந்த மகள் ஒருத்தி நியூயார்க்கிலிருந்து சொந்த ஊர் திரும்புகிறாள். நடுநடுவே சிறுவயது நினைவுகள். அந்த நினைவுகளில்தான் உயிர் இருக்கிறது என்று கண்ட எடிட்டர் டே ஹோஹாஃப், சிறுமியின் பார்வையிலேயே கதையைச் சொல்லத் தூண்டினார். லீ இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் திரும்பத் திரும்ப எழுதினார். 1960இல் வெளியான ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது.

இழப்பும் இல்லாமல் இல்லை. 2015இல் ‘கோ செட் எ வாட்ச்மேன்’ என அச்சேறிய பழைய பிரதியில், வெள்ளையர் ஆதிக்கம் பேசும் கூட்டத்தில் தந்தை அட்டிகஸ் உட்கார்ந்திருப்பதை மகள் பார்க்கிறாள். வடிவம் தேறாத அந்த நாவலில் இருந்த இந்தச் சங்கடம், தேறிய நாவலில் இல்லை. அங்கே அவர் கிட்டத்தட்ட ஒரு மகான்.

இருந்தாலும் எழுதியது லீதான். ரேமண்ட் கார்வருக்கு நேர்ந்தது வேறு. எடிட்டர் கார்டன் லிஷ் அவருடைய சிறுகதைகள் சிலவற்றைப் பாதிக்கும் மேல் வெட்டி, முடிவுகளையும் மாற்றினார். நிறுத்தும்படி கார்வர் கெஞ்சிக் கடிதம் எழுதியும் 1981இல் தொகுப்பு வந்தது, புகழும் வந்தது. அவர் எழுதிய வடிவம், அவர் இறந்து இருபத்தோரு ஆண்டுகள் கழித்து, 2009இல்தான் தனி நூலானது.

நம் மொழியில் இந்த ஆபத்து பேச்சுவழக்கில் காத்திருக்கிறது. “அவுக நேத்தே வந்துட்டுப் போயிட்டாக” என்று கரிசல் கிழவி சொல்வதை “அவர்கள் நேற்றே வந்து சென்றுவிட்டனர்” என்று திருத்தினால், பிழையோடு கிழவியும் போய்விடுவாள். எழுத்தாளரே எடிட்டருக்குக் காசு கொடுத்துக் கருத்துக் கேட்பதில் நேர் எதிரான சிக்கல்: வாடிக்கையாளர் மனம் கோணக்கூடாதென்று, சொல்ல வேண்டியதே பூசி மெழுகப்படலாம்.

ஆகவே, எடிட்டர் வேண்டுமா என்பதில் எனக்கு ஐயமில்லை; வேண்டும். பிரதியைக் கொடுக்கும் முன்பே ஒன்றை மட்டும் பேசி முடித்துக்கொள்ளுங்கள்: குறிப்பு எழுதுவது அவர், திருத்தி எழுதுவது நீங்கள்.