ஊசி போடவேண்டிய இடம்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் சேரப்பணஞ்சேரியைக் கடக்கும் 108 வண்டிகள் இரண்டு விதமான இடுப்பு முறிவுகளைச் சுமந்து செல்கின்றன. ஒரகடத்தில் ஷிப்டு முடிந்து பைக்கில் திரும்பும்போது அடிபட்ட இளைஞர் ஒருவர். குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டி இன்னொருவர். ஸ்ட்ரெச்சர் மாற்றும்போதும், எக்ஸ்ரேவுக்குப் புரட்டும்போதும், முதுகில் மயக்க ஊசி போட உட்கார வைக்கும்போதும் இருவருக்கும் உயிர் போய் உயிர் வரும்.

அந்த வலியை மூளைக்கு எட்டவிடாமல் வழியிலேயே மறிப்பது நரம்புத் தடுப்பு ஊசி. தொடையின் மேற்பகுதியில், தசையைப் போர்த்திய சவ்வுக்கு அடியில் மரப்பு மருந்தைப் பரப்புவது 'ஃபேசியா இலியாகா' முறை. 1989இல் குழந்தைகளுக்காக விவரிக்கப்பட்டது அது. 2018இல் டொரான்டோவிலிருந்து வந்த 'பெங்' முறை, மூட்டின் முன்புற உறைக்குச் செல்லும் சிறு நரம்புகளைக் குறிவைக்கிறது. தொடையின் வலு பெரும்பாலும் மிஞ்சுகிறது.

பலன் உறுதியானது. 49 ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்ட 2020ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வு, அசையும்போது எழும் வலி அரை மணி நேரத்துக்குள் குறைவதையும், முதியோருக்கு வரும் திடீர் மனக்குழப்பம் குறைவதையும் காட்டியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாமல் பிதற்றும் தாயைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

குறைகளும் உண்டு. ஒருமுறை போட்ட ஊசி சில மணி நேரங்களுக்கே தாங்கும். தொடை தளர்ந்தால் எழுந்து நடக்கையில் மறுபடி விழலாம். மருந்து அளவு மீறி ரத்தத்தில் கலந்தால் வலிப்பு வரலாம், இதயம் நிற்கலாம். பூபிவக்கைனுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்பது வழக்கமான வரம்பு. 40 கிலோ பாட்டிக்கு அது 80 மில்லிகிராம், 0.25 சதவீத மருந்து 30 மில்லி போட்டாலே 75 ஆகிவிடும். இளைஞருக்கோ, மூட்டும் விலகியிருந்தால் நரம்பு அடிபட்டிருக்கிறதா என்று பாதத்தை அசைக்கச் சொல்லிப் பார்த்து, எழுதி வைத்த பிறகே ஊசி போட வேண்டும்.

ஆனால் பெரிய குறை ஊசியில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. வலி கேஷுவாலிட்டியில் துடிக்கிறது. ஊசி போடத் தெரிந்த மயக்க மருத்துவர் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம், ஊசிக்கு வழிகாட்டும் ஸ்கேன் கருவியைப் பதிவுக்குள் கட்டிவைத்திருக்கிறது. சட்டத்தின் நோக்கம் நியாயமானது, கருவியோ நோயாளியைத் தேடி எளிதில் வராது. பிரிட்டனில் பயிற்சி பெற்ற செவிலியர்களும் இந்த ஊசியைப் போடுகிறார்கள். அதே நாட்டின் 2011 வழிகாட்டுதல், விரைவான அறுவை சிகிச்சைக்கு இது மாற்றாகாது என்றும் எச்சரிக்கிறது. வலி அடங்கியதும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று குடும்பம் நினைப்பதும், புத்தூர் கட்டுக்குக் கிளம்புவதும் நம் ஊரில் நடக்கக்கூடியவைதானே.

எனவே இந்த ஊசி கேஷுவாலிட்டிக்கு இறங்கி வரவேண்டும். கூடவே ஆபரேஷன் தேதியும் வரவேண்டும். உங்கள் வீட்டில் யாராவது இடுப்பு முறிந்து கிடந்தால் இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேளுங்கள்: "நரம்பு ஊசி போட முடியுமா? ஆபரேஷன் எப்போது?"