வினாப்படிவமும் கிரிவலப் பாதையும்

மனச்சிதைவு நோயாளிகளின் பிள்ளைகளை ஆராய்வோர் நாடும் கருவிகளுள் ஏட்ரியன் ரெய்ன் 1991இல் வெளியிட்ட ஸ்கிஸோடைபல் ஆளுமை (விசித்திர நம்பிக்கையும் பிசகிய பேச்சும் ஒதுக்கமும் கொண்ட ஆளுமை) வினாப்படிவம் நன்கறியப்பட்டது. ஆம், இல்லை என விடையளிக்க 74 வினாக்கள். அவ்வாளுமையின் ஒன்பது கூறுகளையும் தவறவிடாத அமைப்பு. யார் கூட்டினாலும் ஒரே மதிப்பெண். இவை சிறிய தகுதிகள் அல்ல. ஆனால் திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையில் இதை அப்படியே கொடுத்தால் எது அளக்கப்படும்?

கண்ணுக்குப் புலப்படாத ஒருவர் அருகில் இருப்பதாக உணர்ந்ததுண்டா என்ற பொருளில் ஒரு வினா வருகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் சித்தர்கள் இன்றும் அரூபமாக வலம் வருகிறார்கள் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை 'ஆம்' என்று எழுதினால் வியப்பென்ன? தான் சார்ந்த பண்பாட்டுக்கு ஒவ்வாத நம்பிக்கையையே அறிகுறியாகக் கொள்ள வேண்டும் என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடே விதிக்கிறது. அந்த விதியைச் செயல்படுத்தப் படிவத்தில் இடமே இல்லை. தந்தையின் மருந்துச்சீட்டோடு இந்த 'ஆம்' சேர்ந்தால் பிள்ளைமேல் முத்திரை விழுந்துவிடும். எனவே இதைச் சிறு குறையென்று தள்ள முடியாது.

படிவத்தை விட்டு, நோயாளிகளின் பிள்ளைகளை நேரில் தொடர்ந்த ஆய்வுகளைப் பார்த்தால், முறையியலில் உயர்ந்து நிற்பது மெட்னிக், ஷுல்சிங்கர் இருவரும் 1962இல் கோபன்ஹேகனில் தொடங்கிய ஆய்வு. நோயுற்ற தாய்மாரின் 207 பிள்ளைகளையும் ஒப்பீட்டுக்கு 104 பேரையும் நோய் தோன்றுமுன்பே தேர்ந்து அது தொடர்ந்தது. நோய் வந்தபின் பழைய நினைவுகளைத் துருவும் முறையின் பலவீனம் அதில் இல்லை. மரபின் பங்கையும் வளர்ப்பின் பங்கையும் பிரித்தறிய மட்டும் அதனால் இயலவில்லை. அக்குறையைப் பின்லாந்தில் டியெனாரியின் தத்துப்பிள்ளை ஆய்வு தீர்த்தது: மரபு அபாயமுள்ள பிள்ளைகளிலும், சீர்குலைந்த குடும்பங்களில் வளர்ந்தோரிடமே பாதிப்பு மிகுந்திருந்தது.

படிவம் பற்றிய நம் கேள்விக்கு மிக நெருங்கிய சான்று அயர்லாந்தின் ராஸ்கமனில் கென்ட்லர் நடத்திய குடும்ப ஆய்வு. நோயாளிகளின் உறவினரைப் பிறரிடமிருந்து பிரித்துக் காட்டுவதில், அவர்களே சொன்ன விசித்திர அனுபவங்களைவிட, நேர்காண்பவர் கண்ட பிசகிய பேச்சும் ஒட்டாத பழக்கமும் வலுவாக நின்றன.

ஆகவே, நம்பிக்கை சார்ந்த மதிப்பெண்ணை இவ்வூரில் ஏற்க இயலாது. பேச்சு, பழக்கம் பற்றிய பகுதிகளை நேர்காணலோடு சேர்த்து ஏற்கலாம். அப்போதும் ஒதுங்கியிருக்கும் பிள்ளை தாயைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு முடங்கியதா, ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியதா என்று விசாரித்த பிறகே மதிப்பெண் இட வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் சேர்க்கப்பட்ட 90 நோயாளிகளை ஆர். தாராவும் குழுவினரும் 25 ஆண்டு தொடர்ந்தார்கள். அதே பொறுமையோடு பிள்ளைகளையும் தொடரும் தமிழக ஆய்வு வேண்டும். இறக்குமதிப் படிவத்தின் மொழிபெயர்ப்பு அதற்கு ஈடாகாது.