கடை பளபளன்னு இருக்கு, போர்வை எங்கே?

நண்பர் ஒருவர் சென்னிமலைப் பக்கம் கைத்தறிப் போர்வை வியாபாரம் செய்கிறார். அப்பா காலத்துத் தொழில். சில வருஷமாக ஆன்லைன் விற்பனையும் உண்டு. போன மாசம் கடையின் புது இணையதளச் சுட்டியை அனுப்பி, "பாத்துட்டு சொல்லுங்க, இப்பவாவது புரொஃபஷனலா இருக்குதா?" என்று கேட்டார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய தளத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, நோட்டீஸ் போர்டு மாதிரி! நல்ல தீம் ஒண்ணு வாங்கிப் போடுங்க" என்று சொன்னவன் நான்தான். ஆகவே இந்த விமர்சனத்தில் பாதி எனக்கே.

புதுத் தளத்தைத் திறந்தால் திரை முழுக்க மூன்று படங்கள் மாறி மாறி ஓடுகின்றன. ஐரோப்பியப் படுக்கையறை, வெள்ளை மெத்தை, ஆவி பறக்கும் காபிக் கோப்பை. எல்லாம் விலைக்கு வாங்கின படங்கள். நண்பரின் தறியில் நெய்த போர்வை ஒன்றுகூட அதில் இல்லை. கீழே போய் ஒரு போர்வையைத் தொட்டால் சிவப்பு எழுத்தில் ஒரு டைமர், 'சலுகை முடிய இன்னும் 14 நிமிடம்' என்கிறது. பக்கத்திலேயே 'மூன்று மட்டுமே மீதம்'.

பழக்க தோஷம், கோடைத் திறந்து பார்த்தேன். பக்கத்தை எப்போது திறந்தாலும் டைமர் 15 நிமிஷத்திலிருந்து புதுசாக ஆரம்பிக்கிறது. அந்த மூன்று? இரண்டுக்கும் ஏழுக்கும் நடுவில் ஏதோ ஒரு எண்ணை உலாவி குலுக்கி எடுத்துப் போடுகிறது. குடோனில் இருக்கும் சரக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது.

நண்பருக்கு இது தெரியாது. தீமோடு சேர்ந்து வந்தது. ஆனால் பொய் அவர் கடைப் பெயரில்தான் போகிறது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. பட்டியலில் முதலாவதே போலி அவசரம்.

அடுத்து, 'திருப்பி அனுப்பும் விதிகள்' பக்கம். அதில் 'உங்கள் கடையின் பெயரை இங்கே இடவும்' என்ற வரி அப்படியே இருக்கிறது. 2020-ம் வருஷத்து மின்வணிக விதிகளின்படி ஆன்லைனில் விற்கிறவர் பெயர், முகவரி, தொடர்பு எண், குறைதீர் அலுவலர் யார் என்பதையெல்லாம் தெளிவாகக் காட்ட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததென்று சொல்ல வேண்டும், ஒரு மாசத்துக்குள் தீர்க்க வேண்டும். புதுத் தளத்தில் முகவரியே இல்லை. பழைய 'நோட்டீஸ் போர்டில்' அது முதல் வரியிலேயே இருந்தது.

தோற்றம் முக்கியமே இல்லையா என்று கேட்பீர்கள். முக்கியம்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பி.ஜே. ஃபாக் குழு 2002-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2,684 பேரிடம் இணையதளங்களைக் காட்டி, எது நம்பகமானது, ஏன் என்று கேட்டார்கள். வந்த கருத்துகளில் 46.1 சதவீதம் தளத்தின் தோற்றத்தைப் பற்றியது. தீம் விற்கிறவர்கள் காட்டுவது இந்த ஓர் எண்ணைத்தான். அடுத்த இடத்தில் 28.5 சதவீதத்தோடு, தகவல் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது இருந்தது. அதை யாரும் காட்டுவதில்லை. அதே சமயத்தில் மருத்துவ, நிதித் துறை நிபுணர்களிடம் தனியாக ஒரு ஆய்வும் நடந்தது. அவர்கள் தோற்றத்தை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. தகவல் சரியா, யார் சொல்கிறார்கள் என்றுதான் பார்த்தார்கள்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். நம்மூரில் போர்வை வாங்குகிற அம்மாக்கள் தோற்றத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் இல்லை. அந்த விஷயத்தில் அவர்களே நிபுணர்கள். நண்பரின் வாட்ஸ்அப்பை வாங்கிப் பார்த்தேன். திரும்பத் திரும்ப வருவது ஐந்தாறு கேள்விகள்தான். நீளம் அகலம் எவ்வளவு? சாயம் போகுமா? துவைத்தால் சுருங்குமா? கைத்தறியா, விசைத்தறியா? தபால் செலவு தனியா? பிடிக்கலைன்னா திருப்பி எடுத்துக்குவீங்களா?

பழைய தளத்தில் இதுக்கெல்லாம் பதில் இருந்தது. அவர் அப்பா திண்ணையில் போர்வையை விரித்து, பக்கத்தில் அளவு டேப்பை வைத்து எடுத்த படம். கீழே, '60-க்கு 90 அங்குலம். முதல் தடவை தனியாகத் துவைக்கவும், கொஞ்சம் சாயம் போகும்.' தன் சரக்கின் குறையைத் தானே சொல்கிற கடையை யாருக்குத்தான் நம்பத் தோன்றாது? புதுத் தளத்தில் 'கிங் சைஸ்' என்று மட்டும் இருக்கிறது. தபால் செலவு பணம் கட்டுகிற கடைசிப் பக்கத்தில்தான் தெரிகிறது.

அதற்காகப் பழைய தளத்தை அப்படியே வைத்திருக்கலாம் என்று சொல்ல வரவில்லை. படங்கள் ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி, போனில் திறக்கவே நேரம் பிடிக்கும். எழுத்து பொடிசு. ஒரு படம் வெயிலில், ஒன்று டியூப்லைட்டில் எடுத்தது, அதனால் நிறம் நம்ப முடியாது. இதையெல்லாம் சரி செய்வதுதான் நான் சொல்லியிருக்க வேண்டிய யோசனை. ஒரே இடத்தில் காலை வெளிச்சத்தில் படம் எடுங்க, அளவைச் சுருக்குங்க, எழுத்தைப் பெரிசாக்குங்க. செலவு அனேகமாக ஒண்ணுமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்தோம். டைமரும் போலி மீதமும் போயின. காபிக் கோப்பையும் போனது. முகவரி மேலே வந்தது. தபால் செலவு விலைக்குப் பக்கத்தில் வந்தது. அப்பா எடுத்த பழைய படங்களைத் தேடி எடுத்து, அதே திண்ணையில் புதுசாக எடுக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது.

"டேப்பை மட்டும் எடிட் பண்ணி எடுத்துடலாமுங்களா? பாக்க நீட்டா இருக்கும்" என்றார் நண்பர்.

"டேப் இருக்கட்டுங்க" என்றேன். இந்தத் தடவை யோசித்துத்தான் சொன்னேன்.